ஐஸ் கம்பெனி மாடியிலிருந்து இறங்கி வந்த உப்புக்காரிகள்

முதலில் இறங்கி வந்தது ஆடுதான். அதற்கு ஐந்து கால். ஐந்தாவது கால் எதற்கு என்று அதற்கே தெரியவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. ஆனாலும் அது ஐஸ் கம்பெனி மாடிப்படியை ஒவ்வொன்றாக முகர்ந்து முகர்ந்து இறங்கி, கடைசிப் படியில் நின்று, எதிரே சகாயராணியின் டீக்கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. தெரு திரும்பிப் பார்த்தது. ஐஸ் சுமக்கிற பவுலு, தோளில் ஈரச்சாக்கோடு நின்று, "யாரு ஆடுலே இது, கெட்டிப்போட மாட்டியளா?" என்று கத்தினான். அவ்வளவுதான். கால் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்கு உரிமைக்காரன் யார் என்பதுதான் சாயங்காலம் வரைக்கும் பேச்சு, யாரும் வராததால் சகாயராணி கட்டிக்கொண்டாள்.

மாடியில் இருந்தது மூன்று பேர் நடத்திய ஒரு கம்பெனி. அவர்கள் கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். கடல் முழுக்க வற்றி உப்பாகிப்போன ஒரு உலகத்தில், ஒருத்தி தண்ணீர் தேடி நடக்கிறாள், வழியில் கவிழ்ந்த கப்பல்கள், உப்பு மலைகள், வழிதவறிய ஆடுகள். அவள் பெயர் உப்புக்காரி, விளையாட்டுக்கும் அதே பெயர். கதை ரெக்ஸனுடையது. அவன் மெட்ராஸில் வேறு யாரோ ஆட்களுக்காக ஏழெட்டு விளையாட்டு செய்து சலித்து ஊருக்குத் திரும்பியவன். ஓடவும் குதிக்கவும் வைக்கிற வேலை சுடலைமணியுடையது, அவன் பேசுவது குறைவு, டீ குடிப்பது அதிகம். மூன்றாவது ஆள் டெல்பின். வயது பதினேழு. படம் வரையத் தெரியாது.

படம் வரைவது மிஷின். ரெக்ஸன் மூன்று வரி எழுதிக் கேட்பான், மிஷின் நாலு படம் நீட்டும், டெல்பின் பார்ப்பாள், வேண்டாம் என்பாள், நீக்கு என்ற பொத்தானைத் தட்டுவாள், மறுபடி நாலு வரும், மறுபடி வேண்டாம். இதுதான் அவள் வேலை. கீழே ஐஸ் மிஷின் ஓடுகிற அதிர்வில் மாடித்தரை எப்போதும் நடுங்கும், அந்த நடுக்கத்துக்குத் தாளம் போட்டதுபோல மேசைக்கடியில் டெல்பினின் கால் ஆடிக்கொண்டே இருக்கும், கால் ஆட ஆட விரல் தட்டும், விரல் தட்டத் தட்ட ஆடு, கப்பல், உப்பு மலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரும். எங்கே போய்ச் சேரும் என்று அந்த ஐந்து கால் ஆடு இறங்கும்வரை யாரும் யோசித்ததில்லை.

"மிஷினுதான வரையுது, நீ என்னட்டி செய்யுத?" என்று சகாயராணி கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லுதேன்."

"அதுக்கு ஒரு ஆளா?"

"நீங்க வந்து சொல்லிப் பாருங்கக்கா. பத்தாவது படத்துல எல்லாமே நல்லாருக்க மாதிரித் தெரியும். கண்ணு கெட்டுப்போவும். எனக்குக் கெடாது."

அது பெருமை இல்லை, உள்ளதுதான். வேண்டாம் என்று சொல்வதில் அந்தத் தெருவிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று கேட்டபோது சயின்ஸ் வேண்டாம், காமர்ஸ் வேண்டாம், நாலு குரூப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்பப் போகவில்லை. தையல் வேண்டாம் என்றாள். இறால் கம்பெனியில் தோலுரிக்கப் போனாள், ஐஸ்தண்ணியில் ஊறி ஊறி விரல்நுனி செத்துப்போனதுபோல ஆனபோது, சூப்பர்வைசரிடம் நேராகப் போய், "இந்த வேலை மனுஷன் செய்யுற வேலை இல்ல" என்றாள். இறால் உரிக்கிற மற்ற பெண்களுக்கு அது பிடிக்கவில்லை, அவர்களும் மனுஷர்கள்தானே. டெல்பினுக்கு என்ன வேண்டும் என்று மாதாவுக்கே தெரியாது என்று அவள் அம்மா சொல்லுவாள். வெடுக்கு என்பது தெரு அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அந்தத் தெருவில் பட்டப்பெயர் இல்லாமல் ஒருத்தரும் வாழ முடியாது. ஞானஸ்நானத்தில் வைக்கிற பெயர் கோயிலுக்கு, படகுக்காரன் கூப்பிடுகிற பெயர் ஒரு கோளாறிலிருந்து வரும், ஒண்ணரைக்கண் அந்தோனி, கொன்னை மிக்கேல், சகாயராணிக்கே பாதிச்சீனி என்று பெயர், டீயில் எப்போதும் சர்க்கரை குறையும் என்பதால். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோளாறு தெரிந்த மனுஷன்தான் தெரிந்த மனுஷன்.

ஆட்டுக்குப் பிறகு செயின் இல்லாத சைக்கிள் ஒன்று வந்தது, மிதித்தால் ஓடியது. முன்னாலும் பின்னாலும் மூக்கு உள்ள தோணி ஒன்று படியில் முட்டி முட்டி இறங்கியது, அதைத் திருப்பவே வேண்டியதில்லை என்று கொன்னை மிக்கேல் மகிழ்ந்துபோய்த் தள்ளிக்கொண்டு போனான். ஊர் சும்மா இருக்குமா. ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, நல்ல மோட்டார் சைக்கிளாக நாலு வரைந்து எனக்காக வேண்டாம் என்று சொல்லிவிடம்மா என்று கெஞ்சினார். டெல்பின் செய்து பார்த்தாள். வரவில்லை. வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பொய்க்கு வேண்டாம் என்றது படியிறங்காது. அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை, மழை ஏன் பெய்கிறது என்று தேடாததுபோல.

பிறகு உப்புக்காரியின் முறை வந்தது.

இங்கேதான் சிக்கல். ஆடு எந்த ஆடாக இருந்தாலும் ஆடு. உப்புக்காரி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். நின்றாலும் நடந்தாலும் அழுதாலும் அதே ஆள், அதே மூக்கு, அதே முழங்கை. மிஷினுக்கு அது வராது. அதற்கு ஆள் ஞாபகம் கிடையாது. கேட்கக் கேட்க ஒருத்தியைத் தரும், அழகாகத்தான் தரும், அடுத்த தடவை அவளுடைய தங்கச்சியைத் தரும், அதற்கடுத்து சித்தி மகளை. எந்த ஒருத்தியைப் பிடித்து இவள்தான் என்று உறுதியாகச் சொல்கிறோமோ அவளைத்தான் மிஷினுக்கு மறுபடி மறுபடி காட்டி, இவளையே கொடு, இவளையே கொடு என்று மல்லுக்கட்ட முடியும். முதலில் ஒருத்தி வேண்டும். ஒருத்தியை வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுதான் டெல்பினுக்கு வராத ஒரே வார்த்தை.

"கோயில் கொடியேறுறதுக்குள்ள முகம் முடிவாவணும்," என்றான் ரெக்ஸன். "இல்லன்னா வெளியிடுறேன்னு சொன்ன பெங்களூர்க்காரங்க கைய விரிச்சிருவாங்க. மாடியப் பூட்டிட்டு நான் திரும்ப மெட்ராஸுக்கு, மணி அவன் ஊருக்கு, நீ…"

அவன் முடிக்கவில்லை. டெல்பின் முடித்தாள். "இறாலுக்கு. தெரியும். எழுதுங்கண்ணே."

முதல் உப்புக்காரி காலைப் பத்துமணி வெயிலில் இறங்கினாள். தலையில் கூடை, இடுப்பில் செருகிய சேலை, கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஐஸ் பாளத்தோடு வந்த பவுலு, "வழி விடும்மா" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்து, தண்ணீர் கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்கிட்ட என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல தாயி, எந்திரி."

எழவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டாமவள் வந்து உட்கார்ந்தாள், மூன்றாமவள், நாலாமவள். எல்லாரிடமும் அதே கேள்வி. மத்தியானத்துக்குள் படி முழுக்க உப்புக்காரிகள், ஐஸ் உருகி ஓடியது, படகுக்காரர்கள் சத்தம்போட்டார்கள். ரெக்ஸன் இறங்கிப்போய், நல்ல மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க எல்லாரும் ரொம்ப அழகாத்தான் இருக்கீங்க, உங்ககிட்ட எந்தக் குறையும் இல்ல, இந்தக் கதைக்குத்தான் பொருந்தல" என்று சொன்னான். அவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சுடலைமணி போய், "மிஷினு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஒருத்தியும் அசையவில்லை.

டெல்பின் நாலு நாலு படியாகத் தாவி வந்தாள். முதல் ஆளைப் பார்த்தாள்.

"ஒரு காதுல தோடு, ஒரு காதுல வளையம். யாரு ஒன்ன இப்படி வெளிய அனுப்புனது?"

அந்தப் பெண் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தாள். முகம் அப்படியே தளர்ந்தது, பல்வலி நின்ற ஆள் மாதிரி. சிரித்தாள். எழுந்தாள், சேலையைத் தட்டினாள், தெருவில் இறங்கி நடந்தாள்.

"ஏ, ஒத்தத்தோடு!" என்று பவுலு பின்னாலிருந்து கூப்பிட்டான், "உப்பளத்துக்கு அந்தப் பக்கம்!" அவள் திரும்பி, தன் பெயருக்கு நன்றிபோலத் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அது தினப்படி நடக்கிற காரியமாகிவிட்டது. மேலே வேண்டாம் என்பது, கீழே வந்து ஏன் என்பது. "நிழல் சூரியன் பக்கமா விழுது ஒனக்கு." நிழலெதிரி என்று பெயராகி அவள் போனாள், மீன் ஏலக்கூடத்தில் அவளை எட்டிப்பிடித்தார்கள், அவளை ஒரு ஓரமாக நிறுத்தினால் வெயில் வருகிற பக்கமே நிழல் கிடைக்கும் என்று கண்டுகொண்ட கிழவிகள் அவளுக்குக் காலையில் இட்லி, மத்தியானம் சோறு என்று முறைவைத்தார்கள். "ரெண்டு மடங்கு பாரத்த தலையில வச்சுக்கிட்டு யாராவது இப்படிச் சிரிப்பாளா? கழுத்து நரம்பு எங்க?" அவள் சிரிப்பாணி. "ஒன் கால் தரையத் தொடல." அவள் தரைதொடாதவள், உப்பளத்தில் எல்லாருக்கும் பாதம் வெடித்துப் புண்ணாகும், அவளுக்கு ஆகாது, ஆனால் ராத்திரி அவளால் எங்கேயும் அழுந்தி உட்கார முடியவில்லை என்று கூட வேலைசெய்த பெண்கள் இரக்கப்பட்டு, மடியில் கல் கட்டி உட்கார வைத்தார்கள். "உப்புக்காத்துல வேல செய்யுறவளுக்கு இந்தத் தோலா? ஒன்ன சோப்பு விளம்பரத்துல இருந்து பிச்சு எடுத்துருக்காவ." அவளுக்கு மட்டும் கோபம் வந்தது. ஒரு மாசம் வெயிலில் நின்றுவிட்டு வந்து, இப்போ என்ன சொல்ற என்று கையை நீட்டிக் காட்டினாள். டெல்பின், "இப்ப சரி" என்றாள். ஆனாலும் சோப்புக்காரி என்ற பெயர் போகவில்லை.

ஒருத்தி வந்தாள். கணுக்காலுக்கு மேலே புழு ஊர்ந்த மாதிரி ஒரு கிறுக்கல், படத்தின் மூலையில் வரைந்தவன் போடுகிற கையெழுத்து மாதிரி, ஆனால் வாசிக்க முடியாது. டெல்பின் அவளை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பார்த்தாள்.

"ஒம்மேல வேற யாரோ கையெழுத்துப் போட்டுருக்காவ. ஒன்ன நாங்க எடுத்துக்கிட முடியாது."

"யாரு?"

"தெரியல. இந்த மிஷினு ஊருபட்ட ஆளு வரைஞ்சத முழுங்கிட்டுத்தான் ஏப்பம் விடுது. கேட்டு முழுங்கல."

கையெழுத்துக்காரி உப்பளத்துக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வழிகேட்டுப் போனாள். வரைகிற ஆட்களை ஊர் ஊராகத் தேடி, கணுக்காலைக் காட்டி, இது நீங்களா என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள் என்று பிறகு லாரிக்காரர்கள் சொன்னார்கள். ரெக்ஸன் அன்று முழுக்க எதுவும் எழுதவில்லை. "நம்ம மூணு பேரு," என்றான் சாயங்காலம், "கையால வரைஞ்சா இந்தக் கடல முடிக்க எனக்கு நரை தட்டிரும். இது இல்லன்னா இந்தக் கதையே இல்ல." டெல்பின், "அதுவும் நெசந்தான். அவ கால்ல இருக்கதும் நெசந்தான்," என்றாள். சுடலைமணி இருவரையும் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக டீயை மிச்சம் வைத்தான்.

தெரு அதையெல்லாம் யோசிக்கவில்லை. தெருவுக்கு ஆள் கிடைத்தது. உப்பளக் காண்டிராக்டர் ஒருவர் தினமும் காலையில் வேனைக் கொண்டுவந்து படிக்கு எதிரே நிறுத்தி, "ஏட்டி வெடுக்கு, நாளைக்கு நாலு பேரு குறையுது, கொஞ்சம் கூடுதலாத் தள்ளிவிடு" என்று அண்ணாந்து கத்தினார். பெண் கிடைக்காத மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாய்த் தட்டை வைத்துக்கொண்டு சகாயராணி கடை பெஞ்சில் காத்திருந்தார்கள், கோளாறு முன்கூட்டியே தெரிந்த பெண் என்றால் பின்னால் சண்டை வராது என்று அவர்களுடைய கணக்கு. வார்டு கவுன்சிலர் வந்து, இவர்களுக்கு ஓட்டு உண்டா, அப்பா பெயர் கேட்டால் என்ன போடுவது என்று தலையைச் சொறிந்தார். கோயில் சாமியாரிடம் போய் இவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அவர் நெடுநேரம் யோசித்து, "நீக்கப்பட்டவங்களுக்கு இல்லாத கோயில் யாருக்கு?" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வலதுபக்கம் இரண்டு வரிசை முழுக்க ஒரே ஜாடையில் உப்புக்காரிகள், பாட்டுக்கு மட்டும் எல்லாருக்கும் வேறுவேறு குரல்.

ஊருக்கு இப்படி எல்லாம் வந்துகொண்டிருந்தது, மாடிக்கு ஒருத்தி வரவில்லை. கொடிமரம் கழுவுகிற வாரம் வந்துவிட்டது. ரெக்ஸன் நகத்தைக் கடித்தான். "இவ நல்லாருக்காட்டி." "வேண்டாம்." "இவளுக்கு என்ன?" "தாடை." "இவ?" "இவ யாருக்கோ போஸ் குடுக்கா." டெல்பினின் கால் ஆட்டம் அதிகமாகி மேசையே நகர்ந்தது, எழுவாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்புவாள், நின்றபடியே தட்டுவாள், தின்றபடியே தட்டுவாள், ரெக்ஸனோடு சண்டைபோட்டபடியே தட்டுவாள். ஒவ்வொருத்தியையும் பார்க்கும்போது இவளைவிட நல்லவள் அடுத்ததில் இருப்பாள் என்று ஒரு அரிப்பு. அடுத்ததில் அவள் இல்லை. அடுத்ததில் அடுத்தது இருந்தது.

அப்படி ஒரு பிற்பகலில்தான் அவள் இறங்கினாள்.

கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கேட்டாள். டெல்பின் தாவி இறங்கி வந்து, வழக்கம்போலக் காதைப் பார்த்தாள், இரண்டு தோடும் ஒன்று. விரல் சரி. நிழல் சரி. பாதம் தரையில் அழுந்தி இருந்தது, குதிகாலில் வெடிப்புகூட இருந்தது. கழுத்து நரம்பு இருந்தது. தெரு காத்திருந்தது, பவுலு புதுப்பெயரைக் கூப்பிட வாயைத் திறந்து வைத்திருந்தான்.

"மூக்கு பெருசு," என்றாள் டெல்பின்.

அந்தப் பெண் இரண்டடி எடுத்துவைத்தாள், நின்றாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். "மூக்கு சரியாத்தான் இருக்கு."

"சேல நிறம் மங்கல்."

"உப்பளத்துல வேற எப்படி இருக்கும்?"

மறுநாளும் இருந்தாள். அதற்கடுத்த நாளும். பெயர் இல்லாததால் அவளை யாராலும் கூப்பிட முடியவில்லை. காண்டிராக்டரின் வேனில் எல்லாரையும் பெயர்சொல்லி ஏற்றும்போது அவள்மட்டும் கீழே நின்றாள். பெண்பார்க்க வந்தவர்கள், இவளுக்கு என்ன கோளாறு என்று தெரியாமல் எப்படி என்று தட்டைத் துணியால் மூடிக்கொண்டார்கள். ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாமல் ஏலக்கூடத்துக்கும் கோயிலுக்கும் படிக்குமாக நடந்தாள். ஒரு ஆள் மேலே கால் ஆட்டிக்கொண்டு, ஒரு ஆள் கீழே நடந்துகொண்டு, நடுவில் ஐஸ் மிஷின் நடுங்கிக்கொண்டு, அந்தக் கட்டடமே ஒரு நிலையில் நிற்கவில்லை.

டெல்பின் ஒரு நாள் பூராவும் யோசித்து இறங்கி வந்து, தெரு கேட்கச் சொன்னாள்: "குறையே இல்லாததுதான் ஒன் குறை."

"ஆகா!" என்றார் கவுன்சிலர். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். அந்தப் பெண் இரண்டடி நடந்தாள். நின்றாள். திரும்பினாள்.

"அது பேச்சு," என்றாள். "காரணம் இல்ல."

டெல்பினுக்கு முகம் சிவந்தது, ஏனென்றால் அவளுக்கே அது தெரியும்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள். தெரு முழுக்க வெள்ளையும் நீலமுமாகத் தோரணம், மைக் செட் சோதனை, பந்தல்காரர்களின் சுத்தியல் சத்தம். பெங்களூர்க்காரர்களின் போன் இரண்டு தடவை வந்துவிட்டது, ரெக்ஸன் எடுக்கவில்லை. டெல்பின் இறங்கி வந்தாள், இந்தமுறை தாவவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. நீ வந்த அன்னைக்கு நான் பரோட்டா தின்னுட்டிருந்தேன். ரெக்ஸண்ணன்கூட சண்ட. என் கை பாட்டுக்குத் தட்டிட்டே இருந்துச்சு. ஒன்கிட்ட ஏதும் கோளாறு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஒன்ன நான் பாக்கவே இல்ல."

பவுலு பாளத்தைக் கீழே வைத்தான். அந்தப் பெண் எழவில்லை. ஆனால் முதல்தடவையாக உடம்பைத் தளர்த்தி நிலையாக உட்கார்ந்தாள்.

"இப்பப் பாரு," என்றாள்.

டெல்பின் பார்த்தாள். முதலில் வழக்கமாகப் பார்க்கிற இடங்களையெல்லாம் பார்த்து முடித்தாள், அது ஒரு நிமிஷ வேலை. பிறகு கால் ஆட ஆரம்பித்தது, எழுந்து போகலாம்போல இருந்தது, எதிரே சகாயராணி, "ஏட்டி, இரு" என்றாள். இருந்தாள். வெயில் படியிலிருந்து ஒரு சாண் நகர்ந்தது. அந்தப் பெண்ணின் வலதுதோள் இடதைவிடச் சற்று இறங்கியிருந்தது, எத்தனையோ நாள் ஒரே பக்கம் கூடை சுமந்ததுபோல. வாய் எதையோ சொல்ல வந்து விழுங்கின வாய். இமைமுடியில் உப்பு. கண் டெல்பினைப் பார்க்கவில்லை, டெல்பினுக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஏதோ இருக்கிறது, அது தண்ணீராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோலப் பார்த்தது. நம்பிக்கை இல்லை, சந்தேகமும் இல்லை. நடக்கிற முடிவு மட்டும். விளையாட்டில் இத்தனை நாளாக இல்லாமல் இருந்தது அதுதான் என்று டெல்பினுக்குத் தெரிந்தபோது, வயிற்றில் பசிபோல ஒன்று எழுந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குக் கொஞ்சநேரம் பிடிபடவில்லை.

"வேணும்," என்றாள்.

தெருவில் யாரும் அவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அவள் அம்மாகூட.

"மேல வா. எனக்கு நீதான் வேணும்."

அந்தப் பெண் படியை அண்ணாந்து பார்த்தாள். மாடிக்கதவு திறந்திருந்தது, ரெக்ஸனும் சுடலைமணியும் வாசலில் நின்றார்கள், உள்ளே திரையின் நீலவெளிச்சம். எல்லாவற்றையும் பார்த்தாள், அவசரமில்லாமல். பிறகு டெல்பினைப் பார்த்தாள், அதே அளவு நேரம்.

"எனக்கு வேண்டாம்," என்றாள்.

டெல்பினுக்கு யாரோ செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. இத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை. அதைக் கேட்டுக்கொள்வது இப்படி இருக்கும் என்று தெரியாது. வாய் தானாகக் கேட்டது, அவர்கள் எல்லாரும் கேட்ட அதே குரலில்:

"என்கிட்ட என்ன கோளாறு?"

"வேணும்னு சொல்லும்போதே ஒன் ஒரு கால் அடுத்த படியில நிக்கி," என்றாள் அந்தப் பெண். "அங்க வந்தா, நாளைக்கு என்னைவிட ஒருத்தி வருவாளோன்னு திரும்பவும் பொத்தானைப் பாப்ப. வேணும்னு சொன்னா போதாது. இருக்கணும்."

டெல்பின் குனிந்து பார்த்தாள். இடதுகால் உண்மையாகவே மேல்படியில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உடம்புக்குள் ரொம்ப நாளாக இறுகிக்கிடந்த ஒரு முடிச்சு தளர்ந்தது. ஒத்தத்தோடு ஏன் அன்று அப்படிச் சிரித்தாள் என்று இப்போதுதான் புரிந்தது.

அந்தப் பெண் எழுந்தாள். சேலையைத் தட்டினாள். பவுலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஏ, வேண்டாம்னவளே!" என்று கூப்பிட்டான்.

அவள் திரும்பினாள். திரும்பிய வேகத்திலேயே அது அவள் பெயர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடைக்கு நேராகப் போய், "ஒரு டீ, சீனி தூக்கலா" என்றாள். சகாயராணி வாழ்க்கையில் முதல்தடவையாக முழுக்கரண்டி போட்டாள்.

டெல்பின் மேலே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்கண்ணே. நான் சொல்லுதேன். அழகுன்னு போடாதீங்க, எங்கயும் போடாதீங்க. வலதுதோள் ஒரு விரக்கட எறக்கம். எமையில உப்பு. வாய் ஏதோ சொல்ல வந்து முழுங்கிருக்கணும். கண்ணு நம்மளப் பாக்கக்கூடாது, நமக்குப் பின்னால பாக்கணும்."

ரெக்ஸன் எழுதினான். இதுவரை அவள் எது வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். மிஷின் நாலு நீட்டியது. மூன்று பேர் யாரோ. நாலாமவள் படியில் உட்கார்ந்திருந்தவள் இல்லை, அவளைப்போலவும் இல்லை, ஆனால் தோள் இறங்கியிருந்தது, கண் தூரத்தில் இருந்தது, எங்கேயோ போகிற தீர்மானம் இருந்தது. கோளாறும் இருந்தது. இடதுகையில் ஆறு விரல். கூடையின் பின்னல் ஒரு பக்கம் தலைமுடிக்குள் போய்க் கலந்திருந்தது. நிழல் இரண்டாகப் பிரிந்திருந்தது.

விரல் பொத்தானுக்குப் போனது. பழக்கம். அடுத்ததில் ஒருவேளை…

மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது, அது நிற்கவில்லை. ஆனால் டெல்பின் எழவில்லை.

"இவதான்," என்றாள். "மணியண்ணே, அந்த அழிக்கிற பேனாவக் குடுங்க. விரல நான் சரி பண்ணுதேன். கூடைய முடியில இருந்து பிரிக்கணும், அது சாயந்தரம் வரைக்கும் ஆவும். நிழல நீங்க பாருங்க. முடிஞ்சப்புறம் இவளையே மிஷினுக்குக் காட்டி, நடக்கிறது, நிக்கிறது, விழுறது எல்லாம் கேப்போம். வேற ஆளக் குடுத்தா சண்ட போடுவோம்."

"கோளாறு இருக்கேட்டி," என்றான் ரெக்ஸன், நம்ப முடியாமல்.

"இருக்கட்டுமே. கூட இருந்து பாப்போம்."

கீழே வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. காண்டிராக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டார் தட்டின் துணியை விலக்கினார்கள், பவுலு படியை அண்ணாந்து பார்த்தான், மாடிப்படியில் வெயில் மட்டும் இருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது.

"ஏட்டி வெடுக்கு! இன்னைக்கு ஆள் எறங்கலையா?"

டெல்பின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆறாவது விரலை நகம்வரை அழித்துக்கொண்டே, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கத்தினாள்:

"எறங்க மாட்டா! அவளுக்கு இங்க வேலை இருக்கு!"